விழுந்த வகையில்

ஞானாம்பாள் முப்பத்து நான்கு வருஷம் அரசாங்கத் தணிக்கைப் பிரிவில் வேலை பார்த்தவள். பிறத்தியார் கணக்கில் குற்றம் கண்டுபிடிக்க மாதா மாதம் சம்பளம் வாங்கியவள் என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும். ஓய்வு பெற்று ஐந்து வருஷம் ஆகியும் அந்தப் புத்தி மட்டும் ஓய்வு பெற மாட்டேன் என்றது. சிட்லபாக்கத்தில், ஏரிக்கு இரண்டு தெரு தள்ளியிருந்த அவள் வீட்டில், கீரைக்குக் கொடுத்த மூன்று ரூபாய்க்குக்கூடக் கணக்கு உண்டு. அந்தக் கணக்கெல்லாம் ஹால் மூலையில் பூப்போட்ட உறை மாட்டி வைத்திருந்த கம்ப்யூட்டருக்குள் இருந்தது.

கம்ப்யூட்டரும், அதற்குள் இருந்த வீட்டுக்கணக்கு சாஃப்ட்வேரும் அவளுடைய ஒரே பிள்ளை ஷ்யாம்சுந்தர் போட்டுக் கொடுத்தவை. அவன் நியூ ஜெர்சியில் இருந்தான். 2005 ஜனவரியில் வந்தபோது இரண்டு நாள் அந்த மேஜையை விட்டு எழுந்திருக்காமல் உட்கார்ந்து, நீளநோட்டில் இருந்த கணக்கையெல்லாம் ஏற்றி, பிராட்பேண்ட் இணைப்பும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனான். "இனிமே நோட்டு வேண்டாம்மா, இதுலயே எழுது," என்றான். அம்மாவுக்காகப் பிள்ளை இரண்டு நாள் செலவழித்தான் என்பதில் ஞானாம்பாளுக்கு அப்போது தலைகால் புரியவில்லை.

அந்த சாஃப்ட்வேரில் தொகைக்குப் பக்கத்தில் விவரம் எழுத ஒரு கட்டம் உண்டு. மற்றவர்கள் அதைக் காலியாக விடுவார்கள், இல்லாவிட்டால் 'பால்', 'கரண்ட்' என்று ஒரு வார்த்தை போடுவார்கள். ஞானாம்பாள் அப்படி விடுவாளா? விவரம் இல்லாத வவுச்சரை ஆயிரக்கணக்கில் திருப்பி அனுப்பிய கை அது. எந்தச் செலவு, யாருக்கு, எந்த வகையில் என்று ஆபீஸ் இங்கிலீஷில் முழு வாக்கியமாக எழுதினால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். ஓய்வு பெற்ற மறு வருஷமே கணவர் போய்விட்டார். அதற்குப் பிறகு சாயங்காலம் நாலு மணிக்கு உட்கார்ந்து பேச வீட்டில் ஆள் இல்லாமல் போனது. அந்தக் கட்டம் மட்டும் எவ்வளவு எழுதினாலும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அதனால் விவரம் மெல்ல மெல்ல நீண்டது. 'ஆட்டோ, அறுபது ரூபாய், குரோம்பேட்டை எலும்பு டாக்டரிடம் போய் வந்த வகையில். வலது முட்டி வீக்கம். ஆப்பரேஷன் என்கிறார். பயமாக இருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை.' 'பால் அரை லிட்டர் கூடுதல், என் பிறந்தநாளுக்குப் பாயசம் வைத்து நானே சாப்பிட்ட வகையில். சர்க்கரை தூக்கல்.' இப்படித்தான் போகும். இதை நாட்குறிப்பு என்று யாராவது சொன்னால் அவளுக்குக் கோபம் வந்திருக்கும். அவளைப் பொறுத்தவரை அது செலவு விவரம்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு ஷ்யாம் ஃபோன் செய்வான். இந்த ஃபோன்தான் ஞானாம்பாளின் பெருமை. வாய்விட்டு எதுவும் சொல்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. எப்படி இருக்கே என்றால் இருக்கேன் என்பாள், அவ்வளவுதான். ஆனாலும் அவன் கேட்பான்: "முட்டி எப்படிம்மா இருக்கு? வீங்கியிருக்கா?" இன்னொரு வாரம், "பிறந்தநாளைக்குப் பாயசம் வெச்சியா? சர்க்கரை ஜாஸ்தி போட்டிருப்பியே!" அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். ஃபோனை வைத்த கையோடு பக்கத்து வீட்டு மஹாலட்சுமியைக் கூப்பிட்டு, "எட்டாயிரம் மைலுக்கு அந்தாண்ட இருக்கான், என் மனசுல இருக்கறது அவனுக்குத் தெரியறது பாருங்கோ," என்பாள். மஹாலட்சுமியின் பிள்ளை பள்ளிக்கரணையில்தான் இருந்தான். அவனுக்கு அம்மாவின் பிறந்தநாள் எந்த மாதம் என்றே தெரியாது. பாவம், அந்த அம்மாள் வாரா வாரம் இதைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

அந்த வீட்டை விற்கிற பேச்சை ஷ்யாம் இரண்டு வருஷமாகப் பேசிக்கொண்டிருந்தான். ஒன்றே முக்கால் கிரவுண்டு. பக்கத்து மனையை வாங்கிவிட்ட புரமோட்டர் ஒருவர் இதையும் சேர்த்து ஃப்ளாட் கட்டத் துடித்துக்கொண்டிருந்தார். நடுவில் இருந்து பேசியவர் ஷ்யாமுக்குத் தெரிந்த சத்தியநாதன் என்ற தரகர். விற்ற பணத்தை ஷ்யாம் அங்கே வாங்கப்போகிற வீட்டில் போடுவது, அந்த வீட்டில் கீழ்த்தளத்தில் அம்மாவுக்கு ஒரு அறை என்பது ஏற்பாடு. ஞானாம்பாள் மாட்டேன் என்றே சொல்லி வந்தாள். இது அவளும் கணவரும் பி.எஃப். கடன் வாங்கிச் செங்கல் செங்கலாகக் கட்டிய வீடு. ஒவ்வொரு செங்கலுக்கும் அவளிடம் வவுச்சர் இருந்தது.

ஆகஸ்ட் பதினாலாம் தேதி அவள் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இடது இடுப்பு தரையில் அடித்தது. அரை மணி நேரம் எழுந்திருக்க முடியவில்லை. குழாயில் தண்ணீர் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். பிறகு வாளியைப் பிடித்துக்கொண்டு எப்படியோ எழுந்தாள். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வீட்டை விற்கச் சொல்வார்கள் என்கிற பயம்தான். மஹாலட்சுமியிடம்கூட, வீட்டு வேலை செய்ததில் இடுப்புப் பிடித்துக்கொண்டது என்று சொல்லித் தைலம் மட்டும் வாங்கி வரச் சொன்னாள். சாயங்காலம் வழக்கம்போலக் கணக்கில் எழுதினாள். 'வலித் தைலம், நாற்பத்திரண்டு ரூபாய், குளியலறையில் விழுந்த வகையில். இடது இடுப்பு. அரை மணி நேரம் எழுந்திருக்க முடியவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.'

அந்த ஞாயிற்றுக்கிழமை ஷ்யாம் பேசும்போது குரல் தழுதழுத்தது.

"அம்மா, ராத்திரி எனக்குத் தூக்கமே வரலை. சும்மா யோசிச்சுப் பாக்கறேன். ஒரு நாள் நீ பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்னு வெச்சுக்கோ. அரை மணி நேரம் எழுந்துக்க முடியலேன்னா யாரு வந்து பாப்பா? எனக்கு எப்படித் தெரியும்?"

ஞானாம்பாளுக்கு உடம்பு சிலிர்த்துப் போயிற்று. எட்டாயிரம் மைலுக்கு அப்பால் ஒருவனுக்குத் தூக்கம் வரவில்லை என்றால், அது பெற்ற வயிற்றின் தொடர்பு அல்லாமல் வேறென்ன? அந்த நிமிஷமே, "சரிடா, வித்துடலாம்," என்று சொல்லிவிட்டாள். இரண்டு வருஷப் பிடிவாதம் ஒரே ஃபோனில் கரைந்தது. அடுத்த நாளே சத்தியநாதன் வந்து பத்திர நகல் வாங்கிப் போனார். செப்டம்பர் ஐந்து, புதன்கிழமை, தாம்பரம் சார்பதிவாளர் அலுவலகத்தில் கிரயம் என்று நாள் குறித்தாகிவிட்டது.

கம்ப்யூட்டர் விஷயம் இந்த இடத்தில்தான் வந்தது.

அமெரிக்கா போகுமுன் கணக்கு முழுவதையும் அச்செடுத்துக் கோப்பில் போட்டுவிட வேண்டும் என்று அவள் நினைத்தாள். ஆனால் சாஃப்ட்வேர் ஒரு வருஷமாகவே படுத்திக்கொண்டிருந்தது. ஒரு செலவை எழுதி என்டர் தட்டினால் மணல்கடிகாரம் வந்து நின்றுகொள்ளும். நிமிஷம் ஒன்று ஆகும். பில்லை ஸ்கேன் செய்து சேர்த்தாலோ, எழுந்து போய் டிகாக்ஷன் இறக்கி, காபி கலந்து, குடித்து, டம்ளரையும் கழுவிவிட்டு வரலாம். இப்போது அது இன்னும் மோசமாகிப் போனதால், வெள்ளிக்கிழமை காலை தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷன் பக்கத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்த தசரதனைக் கூப்பிட்டாள். நாற்பது வயது, தொப்பை, சட்டைப் பையில் நாலு ஸ்க்ரூ டிரைவர்.

அவன் முதலில் வைரஸ் பார்த்தான். இல்லை. தேவையில்லாத ஃபைல்களை அழித்தான். வேகம் கூடவில்லை. அப்புறம் கணக்கு ஃபைலைத் திறந்து பார்த்துவிட்டு வாயைப் பிளந்தான்.

"இன்னா மேடம் இது, பில்லையெல்லாம் உள்ள ஏத்தி வெச்சிகிறீங்க? பாலு கார்டுகூட கீது!"

"வவுச்சர் இல்லாத செலவு செலவே இல்லை, தசரதன்."

"உங்க கணக்க ஆர் வந்து ஆடிட் பண்ணப் போறாங்க? இதையெல்லாம் தூக்கிட்டா மெஷினு பறக்கும்."

"அது மட்டும் முடியாது. வேற வழி பாருங்க."

தசரதன் முணுமுணுத்துக்கொண்டே எல்லா ஒயரையும் பிடுங்கி, பெட்டியைக் கழற்றித் தரையில் படுக்க வைத்தான். உள்ளே ஒரு பல்லி முட்டை இருந்தது. அதை எடுத்துப் போட்டான், தூசி தட்டினான், புதிதாக ஒரு ரேம் சொருகினான். அது தொள்ளாயிரம் ரூபாய் ஆகும் என்று முன்னாலேயே சொல்லிவிட்டான். பெட்டியை மறுபடி மேஜையில் ஏற்றி, கரண்டும் திரையும் கீபோர்டும் ஸ்கேனரும் மட்டும் மாட்டி, "இப்பப் பாருங்க," என்றான்.

ஞானாம்பாள் உட்கார்ந்து அன்றைய காய்கறிச் செலவை எழுதி என்டர் தட்டினாள். தட்டின கையை எடுப்பதற்குள் ஏறிவிட்டது. ஒரு பில்லைச் சேர்த்தாள். அதுவும் கண் மூடித் திறப்பதற்குள். அவளுக்கு ஒரே குதூகலம், வரிசையாக ஆறு செலவுகள் தட்டினாள். தசரதன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, மிச்சமிருந்த பிராட்பேண்ட் ஒயரையும் மேஜைக்குப் பின்னால் கை விட்டு மாட்டினான்.

ஏழாவது செலவுக்கு மணல்கடிகாரம் வந்தது. அது போகவே இல்லை.

தசரதன் புருவத்தைச் சுருக்கினான். பிராட்பேண்ட் ஒயரைப் பிடுங்கினான். பறந்தது. மாட்டினான். நின்றது. இதையே மூன்று தடவை செய்து பார்த்தான். பிறகு பெட்டியைத் திறந்து, தான் போட்ட ரேமை எடுத்துத் தன் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டான். அந்த ஒன்றுக்காகவே அவனை யோக்கியன் என்று சொல்லலாம்.

"ரேமு இல்ல மேடம். உங்க கணக்கு சாஃப்ட்வேருக்கு நெட்டே தேவையில்ல. நீங்க எழுத எழுத, பின்னாடி எதுவோ ஒண்ணு அந்த ஃபைலைப் புடிச்சிகினு எங்கியோ அனுப்பிகினே கீது. அது முழுசா அனுப்பி முடிச்சாதான் உங்களுக்கு உடும். அதான் இந்த பேஜாரு."

கால் மணி நேரம் தேடினான். கடைசியில் ஒரு சின்னப் புரோகிராமைப் பிடித்தான். திரையில் எங்கும் அதற்குப் படம் இல்லை, பெயர் இல்லை. கம்ப்யூட்டர் போட்டவுடன் தானாகவே எழுந்துகொண்டு, கணக்கு ஃபைலில் ஒரு எழுத்து மாறினாலும் அதை வெளியூர் சர்வர் ஒன்றுக்கு அனுப்பிவிட்டு, அனுப்பியதை ஒரு பட்டியலில் குறித்துக்கொண்டிருந்தது. பட்டியலின் முதல் தேதி 2005 ஜனவரி 9. போய்ச் சேருகிற இடத்தின் பெயர் 'ஷ்யாம்'.

"அட, உங்க புள்ளதான் மேடம்!" என்று தசரதன் சிரித்தான். "பேக்கப்புக்குப் போட்டு வெச்சிகிறாரு. மெஷினு புட்டுக்கினாலும் கணக்கு அங்க பத்திரமா இருக்கும். நல்ல வேலதான். இன்னா, உங்களாண்ட சொல்லல போல."

ஞானாம்பாள் சிரிக்கவில்லை. பட்டியலை மேலே தள்ளச் சொன்னாள். மேலே, இன்னும் மேலே. ஆகஸ்ட் பதினாலு, மாலை நாலு பன்னிரண்டு. 'அனுப்பப்பட்டது.'

விழுந்த அன்று.

"இது எனக்கு வேண்டாம், எடுத்துடுங்கன்னா எடுத்துடுவேளா?" என்று கேட்டாள். குரல் அவளுக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

"ரெண்டு நிமிஷம் மேடம். எடுத்துரட்டா?"

"வேண்டாம். இருக்கட்டும்."

தசரதன் ஒன்றும் புரியாமல் தலையைச் சொறிந்தான். வந்த கூலி முந்நூறை வாங்கிக்கொண்டு போனான். அதற்கு ரசீது கேட்க அவள் மறந்துபோனாள். முப்பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவை.

அவன் போன பிறகு வெகு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அழுகை வரவில்லை. முதலில் வெட்கம்தான் பிடுங்கித் தின்றது. என்னவெல்லாம் எழுதியிருக்கிறாள் அந்தக் கட்டத்தில்! கணவருடைய பழைய சட்டையைப் பாத்திரக்காரனுக்குப் போட்டுவிட்டு, மனசு வராமல் திருப்பி வாங்கி, அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது வரைக்கும் எழுதியிருக்கிறாள். அதை ஒருத்தன் காபி குடித்துக்கொண்டே படித்திருக்கிறான். அவள் பெற்ற பிள்ளைதான், ஆனாலும் கதவைச் சாத்திக்கொண்டு பேசியதைக் கதவுக்கு வெளியே நின்று கேட்டவன்.

வெட்கத்துக்குப் பின்னால் ஆத்திரம் வந்தது. முட்டி, பாயசம், தூக்கல் சர்க்கரை. மனசு தெரிகிறதாம்! இரண்டரை வருஷமாக ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தாளே, மஹாலட்சுமி முகத்தில் இனி எப்படி முழிப்பது? ஒருவேளை பாயசத்தை அவன் ஆசையாகத்தான் கேட்டானோ என்னவோ. இருக்கலாம். இனிமேல் அது தெரிய வழியில்லை என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. நூற்றுக்கு மேற்பட்ட ஞாயிற்றுக்கிழமைகளையும் சேர்த்துக் கெடுத்துவிட்டான்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று உறுத்தியது. அவள் விழுந்தது அவனுக்குத் தெரிந்திருந்தது. இடது இடுப்பு என்று தெரிந்திருந்தது. அப்படித் தெரிந்தவன், "அம்மா, விழுந்துட்டியாமே, வலிக்கறதா?" என்று கேட்கவில்லை. "விழுந்துட்டேன்னு வெச்சுக்கோ," என்றான். அந்த அரை மணி நேரத்தை அப்படியே எடுத்து, வீட்டை விற்கச் சொல்ல வைத்துக்கொண்டான்.

ஆனால் சந்தேகத்தின் பேரில் ஒருவனைக் குற்றவாளி ஆக்குவது தணிக்கைக்காரிக்கு அழகில்லை. அனுப்பியது நிஜம். படித்தான் என்பதற்கு ஆதாரம் எங்கே? தசரதன் சொன்னபடி வெறும் பேக்கப்பாக இருந்து, அவன் அதைத் திறந்தே பார்க்காமல், அந்த அரை மணி நேரம் தற்செயலாக வாயில் வந்திருக்கக் கூடாதா? தாய் மனசு அந்த ஓட்டைக்குள் புகுந்து தப்பித்துக்கொள்ளப் பார்த்தது. ஆபீஸில், மேலே அனுப்புகிற பட்டியலை யாராவது படிக்கிறார்களா அல்லது சும்மா கையெழுத்துப் போடுகிறார்களா என்று பார்க்க, வேண்டுமென்றே ஒரு கூட்டல் தப்பை உள்ளே வைத்து அனுப்புவது உண்டு. படிக்கிறவனாக இருந்தால் பிடித்துவிடுவான்.

நாலு மணிக்கு அவள் உட்கார்ந்து எழுதினாள். 'கால் டாக்சி, நூற்று எண்பது ரூபாய், மருத்துவமனை போய் வந்த வகையில். காலையிலிருந்து நெஞ்சு வலி. இ.சி.ஜி. சரியில்லை என்கிறார்கள். அட்மிட் ஆகச் சொன்னார்கள், மறுத்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.'

வாழ்நாளில் அவள் எழுதிய முதல் பொய்க் கணக்கு அது. கையிருப்பு இடிக்கக் கூடாதே என்று பர்ஸிலிருந்து நூற்று எண்பது ரூபாயை எண்ணி எடுத்து ஒரு கவரில் போட்டு, மேலே, ஆபீஸில் முடிவாகாத தொகைக்கு எழுதுகிற மாதிரி 'சஸ்பென்ஸ்' என்று எழுதி பீரோவில் வைத்தாள். அந்தச் சமயத்திலும் அது அவளால் முடிந்தது. பிறகு என்டர் தட்டினாள். மணல்கடிகாரம் வந்தது. முதல் தடவையாக அதைப் பார்த்து அவளுக்கு எரிச்சல் வரவில்லை.

ஞாயிறு வரைக்கும் காத்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே ஃபோன் அடித்தது.

ஷ்யாம்தான். சனிக்கிழமை அவன் பேசியதே கிடையாது. ஒரு நொடியில் ஞானாம்பாளுக்கு உள்ளே எல்லாம் இளகிவிட்டது. படித்திருக்கிறான், படிக்கட்டும், திருடித்தான் படித்தான், போகட்டும்! நெஞ்சு வலி என்றதும் பதறிப்போய் ஒரு நாள்கூடப் பொறுக்க முடியாமல் கூப்பிடுகிறானே. இப்படிப்பட்ட பிள்ளைக்குப் போய் பொறி வைத்தோமே என்று அவளுக்கு அவள் மேலேயே வெறுப்பு வந்தது. அவன் கேட்டதும், நெஞ்சு வலியெல்லாம் இல்லை கண்ணா, அம்மா சும்மா எழுதினேன் என்று சொல்லி அழுதுவிடுவது என்று முடிவு செய்துகொண்டாள்.

"அம்மா, எப்படி இருக்கே?"

"இருக்கேன்டா."

"குரல் ஒரு மாதிரி இருக்கே. தூங்கினியா?"

"தூங்கினேன்." ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கேளு, கேளு என்று மனசு அடித்துக்கொண்டது.

"சாப்பிட்டியா?"

"இன்னும் இல்லை."

"சரி. அம்மா, ஒரு சின்ன விஷயம். சத்தியநாதன் சார்கிட்ட இப்பத்தான் பேசினேன். புதன்கிழமை ரிஜிஸ்ட்ரேஷனை திங்கட்கிழமைக்கே மாத்திக்கலாம்ங்கறார். டோக்கனெல்லாம் அவர் பாத்துப்பார். கார் வாசலுக்கே வரும். நீ போய் உக்காந்து கையெழுத்துப் போட்டுட்டு வந்தாப் போதும், பத்து நிமிஷம்."

ஞானாம்பாள் ரிசீவரை ஒரு காதிலிருந்து மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"அம்மா? லைன்ல இருக்கியா?"

"இருக்கேன். எதுக்குடா திடீர்னு இவ்வளவு அவசரம்?"

"அவசரம்னு இல்லைம்மா. யாருக்கு எப்ப என்ன ஆகும்னு சொல்ல முடியாது இல்லையா? நீ நேர்ல வந்து கையெழுத்துப் போட்டாத்தான் செல்லும். அப்புறம் ஆஸ்பத்திரி, அது இதுன்னு ஆயிடுத்துன்னா... பொதுவாச் சொல்றேன். புரமோட்டரும் காத்துண்டே இருக்க மாட்டான்."

வாரிசு சான்றிதழ் வாங்க எத்தனை மாதம் ஆகும் என்பதுகூட அவன் விசாரித்து வைத்திருப்பான் என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதும், இத்தனை நேரம் படபடத்த நெஞ்சு ஒரேயடியாகச் சாந்தமாகிவிட்டது.

"ஷ்யாம், எனக்கு நெஞ்சு வலியெல்லாம் ஒண்ணும் இல்லைடா."

மறுமுனையில் சத்தமே இல்லை. ஒன்றும் அறியாத பிள்ளையாக இருந்தால், நெஞ்சு வலியா, என்னம்மா சொல்றே என்று அலறியிருக்க வேண்டும். அவன் அலறவில்லை. எதுவுமே கேட்கவில்லை. கடைசியில் அவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

"அம்மா, அது... பேக்கப்புக்குத்தான் போட்டேன்."

"நான் பேக்கப் பத்தி ஒரு வார்த்தை கேட்டேனா?"

"இல்லைம்மா, நீ தப்பா எடுத்துக்காதே. நீ வாயைத் திறந்து எதையும் சொல்ல மாட்டே. தனியா இருக்கே. எனக்குத் தெரிஞ்சுக்க வேற வழி இல்லை. உன் நல்லதுக்குத்தான்."

"என் நல்லதுக்கா? நெஞ்சு வலின்னு படிச்சுட்டு நீ டாக்டரைக் கூப்பிட்டியா, தரகரைக் கூப்பிட்டியா?"

ஞானாம்பாளின் குரல் உயரவில்லை. ஆபீஸில் அவள் குரல் இப்படித் தாழும்போதுதான் எதிரே நிற்கிறவர்களுக்கு வேர்க்கும்.

"திங்கட்கிழமையும் இல்லை, புதன்கிழமையும் இல்லை. நான் கையெழுத்துப் போடப் போறதில்லை. சத்தியநாதன்கிட்ட நீயே சொல்லிடு. இல்லேன்னா நான் சொல்றேன்."

"அம்மா, அட்வான்ஸ் வாங்கியாச்சும்மா. நான் இங்க வீட்டுக்கு..."

"நீ வாங்கினது. நீ குடு."

"அம்மா, ப்ளீஸ். நான் சொல்றதைக் கொஞ்சம் கேளு."

"ரெண்டரை வருஷம் நீ சொன்னதைக் கேட்டாச்சு. இப்ப நீ கேளு. நான் விழுந்தேன். உனக்குத் தெரியும். பதினெட்டு நாள் ஆறது. வலிக்கறதான்னு கேளு."

"அம்மா..."

"கேளுடா."

சின்ன வயசில் திருடி மாட்டிக்கொண்டபோது வருகிற அதே ஈனக் குரலில் அவன் கேட்டான்.

"வலிக்கறதாம்மா?"

"வலிக்கறது," என்று சொல்லி ஃபோனை வைத்தாள்.